அறுபத்தொன்றாவது சான்றிதழ்

தகுதி வாரியத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. எல்லாருக்கும் அவர் அட்டவணைதான். அட்டவணை வந்தாச்சா, அட்டவணையிடம் கேட்டுக்கொள், அட்டவணை சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அவருக்கும் அதில் வருத்தம் ஒன்றுமில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை இருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

பத்தாம் வகுப்பை முடித்த பிள்ளைகள் சேரக்கூடிய தொழிற்படிப்புகள் நாட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு இருந்தன. ஒவ்வொன்றையும் ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு துறை தொடங்கி, தன் போக்கில் சான்றிதழ் கொடுத்து வந்தது. வெல்டிங் படித்தவனும் முடிதிருத்தம் படித்தவளும் ஒரே அளவு படித்தவர்களா என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடையாது. புதிய தேசியத் தகுதிச் சட்டகம் வந்தபோது, இத்தனை படிப்புகளையும் எட்டுப் படிகளில் எதில் வைப்பது என்று பார்க்கிற வேலை அவர் மேசைக்கு வந்து சேர்ந்தது. இரண்டு உதவியாளர்களை வைத்துக்கொண்டு பதினான்கு மாதம் உட்கார்ந்து அட்டவணையைப் போட்டார். மூன்றாம் படி என்றால் பள்ளி இறுதித் தேர்வுக்குச் சமம், மேலே டிப்ளமோ படிக்கலாம். இரண்டாம் படி என்றால் வேலைக்குப் போகலாம், அதற்கு மேல் வழி கிடையாது. ஆயிரத்து இருநூறு மணி நேரப் பயிற்சி இருந்தால் மூன்று, அதற்குக் குறைந்தால் இரண்டு. கோடு அங்கேதான் விழுந்தது.

அட்டவணை வெளியாகி ஏழு மாதம் ஆன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா போன் செய்து உடனே வரச் சொன்னாள். எதற்கு என்று சொல்லவில்லை. அக்கா காரணம் சொல்லாமல் கூப்பிட்டால் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவதுதான் ஐம்பது வயதிலும் அவருக்குப் பழக்கம்.

அக்காவுக்கு மருந்துக்கடையில் வேலை; அத்தான் வெளியூரில். வீட்டில் அக்காவும் அவள் ஒரே மகளும்தான். மகளுக்குச் சின்ன வயதில் வைத்த வாலு என்ற செல்லப்பெயர், பதினெட்டு முடிந்த பிறகும் ஒட்டிக்கொண்டே இருந்தது. வாலு பல் செட்டு செய்யப் படித்திருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன் அதில் அவளைச் சேர்க்க அக்கா கொஞ்சமும் சம்மதிக்கவில்லை. பத்தாம் வகுப்பில் அத்தனை மார்க் வாங்கிவிட்டு, எவனோ ஒருவனின் பொக்கை வாய்க்குப் பல் அடுக்கப் போகிறாளா என்று ஒரு வாரம் அடுப்பங்கரையில் பாத்திரங்களை உருட்டினாள். அக்காவைக் கரைத்தவர் அவர்தான். புதுச் சட்டகம் வரப்போகிறது, இனிமேல் இரண்டு பாதையும் ஒரே இடத்துக்குத்தான் போகும், தொழில் கற்ற பிள்ளை தாழ்ந்ததில்லை, நான் உள்ளே இருந்து பார்க்கிறவன் சொல்கிறேன் என்று சொன்னார். தம்பி சொல்கிறானே என்றுதான் அக்கா கையெழுத்துப் போட்டாள்.

இப்போது மேசைமேல் ஒரு தாள் கிடந்தது. பல் மருத்துவக் கல்லூரியின் டிப்ளமோவுக்கு வாலு போட்ட விண்ணப்பம். 'தகுதி: இரண்டாம் படி. ஏற்க இயலாது' என்று கணினி ஒரே வரியில் திருப்பி அனுப்பியிருந்தது. கடைசித் தேதி வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி.

அவர் தாளைப் படித்துவிட்டு, ஆறுதல் சொல்ல வேண்டியவர், அட்டவணைக்காக வாதாட உட்கார்ந்தார். அது அவருடைய சுபாவம். படிப்புக்கு மதிப்பெண்ணை வைத்துப் படி கிடையாது, பயிற்சி நேரம்தான் கணக்கு, உங்கள் படிப்பில் எழுநூற்று இருபது மணி நேரம்தான் வருகிறது, வருத்தமான விஷயம்தான், ஆனால் விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்று விளக்கினார். வாலு குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு உள்ளே போய், ஓரம் மடங்கிப்போன மஞ்சள் அட்டை நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"எழுநூத்தி இருபது பள்ளிக்கூடத்துல. வாரத்துல மூணு நாள் லேப்ல நின்னோமே, அது எங்க மாமா?"

நோட்டைப் புரட்டினார். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி. கீழ்த்தாடை அச்சு வார்த்தது, நான்கு மணி. மெழுகில் பல் அடுக்கியது, ஆறு மணி. கடைவாய்ப் பல் உயரம் தவறு, கழற்றித் திரும்ப அடுக்கியது, ஆறு மணி. மெருகேற்றியது, ஐந்து மணி. ஒவ்வொரு வரியின் முடிவிலும் லேப் முதலாளியின் கையெழுத்து. கடைசிப் பக்கத்தில் கூட்டுத்தொகை: அறுநூற்று நாற்பது.

ஏழு இருபதும் ஆறு நாற்பதும் எவ்வளவு என்று பார்க்க அவருக்குக் கணினி வேண்டியதில்லை. ஆயிரத்து முந்நூற்று அறுபது; மூன்றாம் படி. நோட்டை மூடி, மறுபடி திறந்து, அதே பக்கத்தைப் பார்த்தார்.

அக்காவுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டது, போட்டவனும் எதிரிலேயே இருக்கிறான், அப்புறம் என்ன. "உன் கையெழுத்துதானே? நாளைக்குப் போனதும் மாத்திடு" என்று சொல்லிவிட்டுக் காபி கலக்கப் போனாள்.

திங்கட்கிழமை எல்லாருக்கும் முன்னால் போய்க் கோப்பை எடுத்தார். மற்ற தொழிற்படிப்புகளில் பட்டறையில் செய்த நேரத்தையும் பள்ளிக்கூடமே கூட்டி முதல் தாளில் எழுதிவிடும். பல் செட்டுப் படிப்பை மட்டும் ஆரம்பத்தில் லேப் முதலாளிகளின் சங்கம் நடத்தியதால், லேப் நேரம் தனியாக மஞ்சள் படிவத்தில் வரும். மூன்று பள்ளிகள் அனுப்பிய மஞ்சள் படிவங்களும் கோப்பின் பின்பக்க உறையில் பத்திரமாக இருந்தன; யாரும் தொட்ட அடையாளமே இல்லை. உதவியாளர்கள்மேல் பழியைப் போடவும் வழியில்லை. முதல் தாளை மட்டும் பாருங்கள், உள்ளே புகுந்தால் இந்த ஜென்மத்தில் முடியாது என்று வேலை தொடங்கிய அன்றே அவர்தான் சொல்லிவைத்தார். இருநூற்றுப் பதினொரு படிப்புகளில் அந்த வழி ஒரு குறையும் வைக்கவில்லை.

இந்த வருடம் முடித்தவர்கள் மூன்று பள்ளியிலும் சேர்த்து அறுபத்தொரு பேர். அறுபத்தொன்றும் இரண்டாம் படியில் நின்றன.

திருத்தப் படிவம் பதிவறையில் இருந்தது. பதிவறையைப் பார்த்துக்கொள்ளும் அம்மா படிவத்தை நீட்டியபடியே அவர் முகத்தைப் படித்துவிட்டார். அட்டவணைக்கே திருத்தமா, இன்றைக்கு மழைதான் என்றார். அவர் சிரிக்கவில்லை. நடந்ததைச் சொன்னார், யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது.

படிவத்தில் ஏழாவது கேள்விதான் முள். ஐந்து மாதத்துக்கு முன் ஒரு பிரிவு அதிகாரி, தன் மைத்துனர் நடத்துகிற தையல் பயிற்சி நிலையத்துக்காக அந்தப் படிப்பை ஒரு படி ஏற்றிவிட்டார். பத்திரிகையில் வந்து நாறி, அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். அதற்குப் பிறகு இயக்குநர் இரண்டு விதி கொண்டுவந்தார். எந்தப் படிப்பை யார் கையெழுத்திட்டுப் படியில் வைத்தாரோ அவரேதான் திருத்தமும் கேட்க வேண்டும். பொறுப்பை இன்னொருவர் தலையில் கட்டக்கூடாது. இரண்டாவது அந்த ஏழாவது கேள்வி: இத்திருத்தத்தால் உம் உறவினர் எவரேனும் பயன் பெறுவாரா?

பதிவறை அம்மா குரலைத் தாழ்த்தி, தனக்குத் தெரிந்த உலக நியாயத்தைச் சொன்னார். தப்பு தப்புதான், திருத்தமும் நியாயமானதுதான், இதில் உறவு எங்கே வந்தது.

"ஏழுல இல்லைன்னு ஒரு டிக் போட்டுட்டுப் போங்க சார். உங்க அக்கா பொண்ணுன்னு அது நெத்தியிலயா எழுதி ஒட்டியிருக்கு?"

இருக்கைக்கு வந்து ஏழாவது கேள்வியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று எழுதினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அக்கா வீட்டு முகவரி வேறு, தகப்பன் பெயர் வேறு. ஆனால் தெரிந்துவிட்டால்? தையல் படிப்பு விஷயத்தில் மைத்துனரின் நிலையத்தோடு நிற்கவில்லை, அந்தத் திருத்தத்தில் மேலேறிய அத்தனை பிள்ளைகளின் சான்றிதழையும் ரத்து செய்தார்கள். தான் எழுதும் ஒரு பொய்யின்மேல் அறுபது பேர் டிப்ளமோ வகுப்பில் போய் உட்காருவார்கள் என்பதை நினைத்தபோது பேனா நகரவில்லை. மாலையில், 'ஆம். உடன்பிறந்த அக்காவின் மகள்' என்று எழுதி, பதிவு எண்ணையும் எழுதினார். எழுதும்போது ஒரு நிம்மதிகூட வந்தது. உண்மையை எழுதிவிட்டோம், இனி உண்மை பார்த்துக்கொள்ளும் என்று நினைத்திருக்க வேண்டும். இருபத்தெட்டு வருடம் அலுவலகத்தில் இருந்தவர் அப்படி நினைத்தது ஆச்சரியம்தான்.

இயக்குநரைப் புதன்கிழமை பதினொரு மணிக்குத்தான் பார்க்க முடிந்தது. அந்த அம்மாள் அதிகம் பேசாதவர், யாருக்காகவும் வளையாதவர் என்று பெயர். மஞ்சள் படிவங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, ஓரமாக ஒரு தாளில் தானே கூட்டிப் பார்த்தார். தவறு நடந்திருக்கிறது, திருத்த வேண்டியதுதான் என்றார். அதற்குப் பிறகு ஏழாவது கேள்விக்கு வந்தார். அங்கே நின்றுவிட்டார்.

உறவு உண்டு என்று எழுதியிருந்தால் திருத்தம் முழுவதும் குழுவுக்குப் போக வேண்டும். குழு இருபதாம் தேதி கூடும். வெள்ளிக்கிழமையோ பதினான்காம் தேதி. இவர் எழுந்து நின்றே பேசினார். அறுபத்தொரு பிள்ளைகள், மூன்று பள்ளிக்கூடம், ஒரு வருடம் வீணாகும், தப்பு என்னுடையது, அவர்களுடையதில்லை என்றார். கல்லூரிக்கு வாரியத்திலிருந்து ஒரு கடிதம் போட்டு ஒரு வாரம் அவகாசம் கேட்கலாமே என்றும் சொன்னார். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அட்டவணை போட்டவரின் அக்கா மகளுக்காக வாரியமே கல்லூரியிடம் அவகாசம் கேட்டது என்று நாளைக்குப் பத்திரிகையில் படிக்க வேண்டுமா என்று மெதுவாகத்தான் கேட்டார். திட்டியிருந்தால் பரவாயில்லை போலிருந்தது.

இயக்குநர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"ஒரு வழி இருக்கு. சான்றிதழ் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாத்தானே மாத்திக் குடுக்கப்போறோம். ரெண்டாப் பிரிச்சு எழுதிக் குடுங்க. அறுபது பேருக்கு இன்னிக்கே கையெழுத்துப் போடறேன். அந்த ஒண்ணு மட்டும் குழுவுக்குப் போகட்டும்."

படி என்பது படிப்புக்கா, பிள்ளைக்கா என்று அவர் கேட்க நினைத்தார். ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே மேசையில் நின்று பல் அடுக்கிய இரண்டு பெண்களில் ஒருத்தி மூன்றாம் படி, இன்னொருத்தி இரண்டாம் படி என்றால் சட்டகம் எதற்கு என்று கேட்க நினைத்தார். கேட்கவில்லை. கேட்டால் அறுபதும் போகும் என்பது இயக்குநரின் முகத்தில் தெரிந்தது. பன்னிரண்டு மணிக்குள் சொல்லுங்கள், ஒன்றரைக்கு நான் அமைச்சகத்துக்குப் போகிறேன் என்றார் அந்த அம்மாள். தண்ணீர்க் குவளையை இவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

வராந்தாவில் ஜன்னலோரம் நின்று கைப்பேசியை எடுத்தார். வாலுவின் எண் மேலேயே இருந்தது. படிப்பு முடிந்த பிறகும் அவள் வேலைக்குப் போகிற லேப்பில் இந்த நேரத்தில் மெருகு யந்திரம் ஓடும், அவள் காதில் விழாது. கையுறை போட்டிருப்பாள், எடுக்க மாட்டாள். எடுத்தாலும் அந்த இரைச்சலில் இதை எப்படிச் சொல்வது. இப்படி மூன்று நான்கு காரணங்கள் வரிசையாக வந்தன, ஒவ்வொன்றும் நல்ல காரணம். கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இருக்கைக்குப் போனார்.

பட்டியலில் அவள் முப்பத்தேழாவது. அந்த வரியைத் தேர்ந்தெடுத்து அழித்தார். முப்பத்தெட்டாவது பெயர் தானாக மேலே வந்து முப்பத்தேழு ஆனது. கீழே இருந்தவர்கள் எல்லாரும் ஒவ்வோர் இடம் நகர்ந்தார்கள். ஒரு பெயர் இருந்த இடம்கூடத் தெரியவில்லை. பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் இரண்டு தாள்களையும் கொண்டுபோய் வைத்தார். சாயங்காலத்துக்குள் மூன்று பள்ளிக்கும் புதுச் சான்றிதழ்கள் போய்விட்டன. இருபத்தெட்டு வருடத்தில் அந்த அலுவலகம் அவ்வளவு வேகமாக வேலை செய்து அவர் பார்த்ததில்லை.

அன்றைக்கு வெளிச்சம் இருக்கும்போதே அக்கா வீட்டுக்குப் போனார். தள்ளிப்போட்டால் போகவே மாட்டோம் என்று தெரியும். அக்கா கடையிலிருந்து வந்து கால்கூடக் கழுவியிருக்கவில்லை. அவர் எதையும் மறைக்காமல், ஏழாவது கேள்வியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். அறுபது பேருக்குக் கிடைத்துவிட்டது என்று அவர் சொன்ன இடத்தில் மட்டும் அவள் முகம் மாறியது.

"அறுபது ஊரான் வீட்டுப் பிள்ளைங்களுக்கு நல்லவனாயிட்ட. சந்தோஷம்டா தம்பி." அவ்வளவுதான் சொன்னாள். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வாலு ஆறு மணிக்கு வந்தாள். சட்டைக் கையில் அச்சு வார்க்கும் மாவு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. விஷயம் அவளுக்கு முன்பே தெரியும். கூடப் படித்த பெண்கள் பள்ளிக்கூடத்திலிருந்து போன் செய்து, உன்னுடையதை மட்டும் காணோமே என்று கேட்டிருந்தார்கள். மாமாவிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று வேலையை முடித்துவிட்டுத்தான் கிளம்பினாளாம். அவர் இரண்டாம் தடவை எல்லாவற்றையும் சொன்னார். முதல் தடவையைவிடக் குழறியது.

"பன்னெண்டு மணி வரைக்கும் டைம் குடுத்தாங்கள்ல மாமா? எனக்கு ஏன் போன் பண்ணல?"

மெருகு யந்திரம், கையுறை, இரைச்சல் எல்லாம் நாக்கு நுனிவரை வந்தன. அவர் சட்டைப் பையிலிருந்த கைப்பேசியைத் தொட்டுப் பார்த்தார்.

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியாது. எடுத்துடுங்க மாமான்னு சொல்லியிருப்பேனோ, முடியாதுன்னு அழுதிருப்பேனோ. ஆனா கேட்டிருக்கணும். அது என் பேரு."

அவர் தலையாட்டினார். வாலு குளிக்கப் போய்விட்டாள். கூடத்தில் தனியாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, போய்வருகிறேன் என்று மூடிய கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

வியாழக்கிழமை போனை யாரும் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்பு போட்டுவிட்டுப் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனார். போய் என்ன செய்யப்போகிறோம் என்று அவருக்கே தெரியாது. சேர்க்கை அறை வாசலில் நீளமான வரிசை நின்றது. புதுச் சான்றிதழும் கையுமாக நாலைந்து பெண்கள். லேப்பில் எடுத்ததென்று வாலு முன்பு காட்டிய குழுப் படத்தில் பார்த்த முகங்கள். அவர்களில் ஒருத்தி வாலுவின் மாமா என்று அடையாளம் கண்டு ஓடிவந்து, எல்லாம் நீங்கள்தான் சரிசெய்தீர்களாமே சார், ரொம்ப நன்றி என்றாள். சொல்லும்போதே வாலுவின் நினைவு வந்துவிட்டது போலும். உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்ப வரிசைக்குப் போய்விட்டாள். அவர்களுக்கு இரண்டு பேர் முன்னால் வாலு நின்றுகொண்டிருந்தாள்.

பழைய சான்றிதழ், மஞ்சள் நோட்டின் நகல், அவள் விஷயம் குழுவுக்குப் போயிருப்பதாகப் பள்ளிக்கூடம் கொடுத்த துண்டுச் சீட்டு, கூடவே தன் கையால் எழுதிய ஒரு மனு. எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்து இரண்டு பிரதி வைத்திருந்தாள். முறை வந்ததும் ஜன்னலுக்குள் நீட்டினாள். எழுத்தர் முதல் தாளைப் பார்த்ததுமே திருப்பித் தள்ளினார். இரண்டாம் படி, எடுக்க முடியாது.

"நீங்க எடுக்க வேணாம் சார். வாங்கிட்டு, இன்னிக்குத் தேதி போட்டு ஒரு முத்திரை குத்திக் குடுங்க. வாரியம் மூணாம் படின்னு சொல்றப்போ, நான் கடைசித் தேதிக்குள்ள வந்து நின்னேன்னு காட்ட எங்கிட்ட ஏதாச்சும் இருக்கணும்."

அப்படி ஒரு வழக்கமில்லை என்றார் எழுத்தர். விண்ணப்பம் என்றால் விண்ணப்பம், இல்லையென்றால் இல்லை, இரண்டுக்கும் நடுவில் எதை வாங்கி எதில் பதிவது. பின்னாலிருந்து யாரோ, நேரமாகுது, நகரம்மா என்றார்கள். சுவர்க் கடிகாரத்தில் ஐந்துக்குப் பன்னிரண்டு நிமிடம்.

வழி இருப்பது அவருக்குத் தெரியும். எந்த அலுவலகமும் நேரில் கொடுக்கும் கடிதத்தைத் தபாலாக வாங்கி, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை போட்டே ஆகவேண்டும். சட்டகத்தின் இணைப்பு விதிகளில் அந்த வரியைத் தட்டச்சு செய்தவரே அவர்தான். இரண்டு எட்டு முன்னால் வைத்தார். தொண்டையைச் சரிசெய்துகொண்டார். வாலு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீங்க பேசாதீங்க மாமா. பேசினா சிபாரிசாயிடும்."

எழுத்தர் தலையை உயர்த்தி அவரை ஏற இறங்கப் பார்த்தார். அவர் கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலை விட்டு விலகி, சுவரோரமாகப் போய் நின்றார். வாலு மறுபடி ஆரம்பித்தாள். குரல் உயரவில்லை, தணியவும் இல்லை. சேர்க்கைப் பதிவேட்டில் இடமில்லை என்றால் வேண்டாம், வேறு எந்தப் பதிவேட்டில் இடமிருக்கிறதோ அதில் போடுங்கள், இந்தக் கல்லூரிக்குக் கடிதமே வராதா, வந்தால் எதில் பதிவீர்கள் என்று கேட்டாள். விதியின் பெயர் தெரியாமலே அவள் அதன் பக்கத்தில் வந்துவிட்டதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்தர் நாற்காலியைத் தள்ளிவிட்டு உள் அறைக்குப் போனார். வரிசை முணுமுணுத்தது. ஐந்துக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது திரும்பி வந்தார்.

"இது சேர்க்கை இல்ல. வெறும் தபால். பின்னால வந்து இடம் குடுத்தீங்கன்னு சொல்லக் கூடாது, புரியுதா?"

புரியுது என்றாள். முத்திரை விழுந்தது. ஒரு பிரதியை எழுத்தர் விண்ணப்பக் கட்டின்மேல் வைக்காமல், ஓரத்தில் மின்கட்டண ரசீதும் விளம்பரத் தாள்களும் கிடந்த தட்டில் போட்டார். வாலு தன் பிரதியில் தேதி தெளிவாக விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு, சுவரோரம் நின்றவரிடம் வந்தாள்.

இருபதாம் தேதிதானே குழு என்று கேட்டாள். ஆமாம் என்றார். அதில் நீங்கள் உட்காருவீர்களா என்றாள். உட்காரக் கூடாது, கூப்பிட்டால் மட்டும் போய்ப் பதில் சொல்ல வேண்டும் என்றார்.

"கூப்பிட்டா, போறதுக்கு முன்னாடி எங்கிட்ட சொல்லுங்க. என்ன சொல்லப்போறீங்கன்னும் சொல்லுங்க."

சொல்கிறேன் என்றார். அவள் அதை நம்பினாளா இல்லையா என்று முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. உள்ளே ஜன்னல் பலகையை இழுத்து மூடும் சத்தம் கேட்டது. தோழிகள் வாசலில் காத்திருக்க, அவர்களிடம் போகாமல் வாலு நேராகப் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். கூடப் போகலாமா, இங்கேயே நிற்பதா என்று தெரியாமல் அவர் கல்லூரிப் படிக்கட்டில் நின்றார்.